தையல் இல்லாத சிகிச்சையில் மறந்துபோகும் குழாய்

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலும் கோவை பவுண்டரிகளிலும் நாளெல்லாம் வியர்வை சிந்துகிறவர்களுக்குச் சிறுநீர் குறைந்து அடர்ந்துவிடுகிறது. கல் உருவாக அது ஒரு முக்கியக் காரணம். வாழைத்தண்டுச் சாறு குடித்தும் இறங்காத கல்லை, இன்று உடலைக் கீறாமலே, சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி லேசரால் பொடிக்கிறார்கள். சிறுநீர்க்குழாயின் உட்புறம் சில மில்லிமீட்டர் அகலம்தான். அதில் கீறலோ ஓட்டையோ விழக்கூடும். ஆனால் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றித்தான். உள்ளே பார்வை தெளிவாக இருக்க உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். சிறுநீரிலோ கல்லிலோ கிருமி இருந்தால், அந்த அழுத்தம் அதைச் சிறுநீரகம் வழியே ரத்தத்துக்குள் தள்ளிவிடக்கூடும். சில மணி நேரத்தில் குளிர்நடுக்கம், பிறகு ரத்த அழுத்தச் சரிவு. கிருமி இருக்கிறதா என்று காட்டும் சிறுநீர் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். வலியில் துடிப்பவருக்கு அது நீண்ட காத்திருப்புதான். ஆனால் அடைப்போடு காய்ச்சலும் இருந்தால் முதலில் தேங்கிய சிறுநீரை வடித்து, கிருமியை அடக்கி, பிறகே கல்லைத் தொடுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை.

பின்னால் வருவது ஸ்டென்ட், அதாவது சிறுநீர்க்குழாய்க்குள் வைத்துவிடும் மெல்லிய குழாய். 1978இல் அறிமுகமான இந்த டி.ஜே. (டபுள் ஜே) குழாயின் இரு முனையும் கொக்கிபோல் வளைந்திருக்கும். ஒன்று சிறுநீரகத்திலும் மற்றது சிறுநீர்ப்பையிலும் தங்கும். சில வாரங்களில் எடுக்க வேண்டியது. மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே உப்பு படிந்து கல்லாகி, வளைந்த முனை நிமிராமல் சிக்கிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் அறுந்து போகலாம். எடுப்பதற்கே ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை தேவைப்படலாம், சிறுநீரகமே போன நிகழ்வுகளும் உண்டு. நோயாளி மறந்தால் மருத்துவமனை என்ன செய்யும் என்று கேட்கலாம். ஆனால் வெளியே தழும்பில்லை, வலியும் அடங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டிலோ ‘டி.ஜே. ஸ்டென்ட் இன் சிட்டு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பும் தொழிலாளி அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்? குழாயை வைத்தவரே எடுக்கும் தேதியையும் குறித்து, நோயாளி படிக்கும் மொழியில் எழுதிக் கொடுத்து, வராவிட்டால் போன் செய்து கூப்பிட வேண்டும். ஸ்டென்ட் போடாமலே விட்டால் என்ன என்பதும் நியாயமான கேள்வி. சிக்கலின்றிக் கல் எடுத்தவர் எல்லோருக்கும் அது கட்டாயமில்லை என்றே சர்வதேச வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. சிறுநீர்க்குழாய் வீங்கியிருப்பது, காயம் பட்டிருப்பது போன்ற நிலைகளில் தவிர்க்க முடியாது. வீட்டுக்குக் கிளம்புமுன் டாக்டரிடம், “உள்ளே குழாய் ஏதும் வச்சிருக்கீங்களாங்க, எப்ப எடுக்கோணும்?” என்று கேட்டு, தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டுவிட வேண்டும்.