ஒரே துணியில் ஐந்து சட்டைகள்

தெற்கே பிறந்து வளர்ந்து, பணியின் பொருட்டு வடநாட்டில் குடியேறிய நம்மவர்க்கு மார்கழி என்றதும் கோலமும் கோயில் மணியும் நினைவுக்கு வரும். அவற்றைத் தொடர்ந்து குளிரும் நினைவுக்கு வரும். தில்லியில் ஜனவரி மாதத்து விடியற்காலைகளில் வெப்பநிலை சாதாரணமாகவே 7 டிகிரி அளவில் நிற்கிறது. 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று. இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை கோடையை எண்ணிக் கட்டப்பட்டவை. சுவரும் தரையும் சில்லிட்டுக் கிடக்கும் நாட்களில் வீட்டினுள்ளும் உடுப்பு ஒன்றே துணை. அவ்வுடுப்பை வீட்டிலேயே, குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே துணியில், எவ்வாறு தைத்துக்கொள்வது என்பதை நேயர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

ஒரே துணியில் தைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு அழகுணர்ச்சியால் தோன்றியதன்று. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து எங்களுடன் வந்து தங்கிய அன்னையார், முதல் மார்கழியிலேயே இருமலில் விழுந்தார். இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு விடியலில் செல்ல வேண்டும் என்ற அவருடைய ஆசை அவ்வாண்டு நிறைவேறவில்லை. தலையும் காதும் மூடியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். கம்பளித் துண்டு நழுவி நழுவி விழுந்தது. ஆதலால் மறு ஆண்டு, இளைஞர்கள் ஹூடி என்று வழங்கும் முக்காட்டுச் சட்டை ஒன்றை வாங்கி வந்தோம். அன்னையார் அதைத் தொடவும் இல்லை.

“உங்கள் அப்பா போனபோதே ஊரில் முக்காடு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். இப்போது நீங்கள் சொல்கிறீர்களா?” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் நாட்டில் முக்காடு என்பது வெறும் துணியன்று. கணவனை இழந்த பெண்ணை ஊரிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக அது நெடுங்காலம் இருந்தது. குளிருக்காகத் தரும் உடுப்பு அந்தப் பழைய பொருளைத் தாங்கி வரலாகாது. அவர் ஒருவருக்கு மட்டும் முக்காடு என்றால் அது முக்காடே. மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோருக்கும் ஒரே நிறத்தில், ஒரே துணியில் இருந்தால் அது குளிர்ச்சட்டை. இவ்வாறு எண்ணித்தான், வெட்டும் வேலையையும் தைக்கும் வேலையையும் கணவனும் மனைவியுமாகப் பங்கிட்டுக்கொண்டு இம்முயற்சியில் இறங்கினோம்.

முதலில் துணியைப் பற்றிச் சொல்வோம். இதற்கு ஏற்றது தறியில் நெய்த துணியன்று. பனியன் துணியைப் போலப் பின்னப்பட்டது. பின்னல் துணியில் நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டிருப்பதால் அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதன் உட்புறத்துக் கண்ணிகளைச் சீவிப் பஞ்சு போல் எழுப்பிவிட்டால் அதற்கு ஃபிளீஸ் என்று பெயர். அப்பஞ்சினிடையே காற்று சிக்கி நிற்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் நம் உடலின் சூடு நம்மிடமே தங்குகிறது. முழுவதும் செயற்கை இழையாலான ஃபிளீஸ் 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவானது. அது இலேசானது, விரைவில் உலர்வது. எனினும் அடுப்பருகே நிற்பவர்க்குச் செயற்கை இழை உகந்ததன்று. தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் பருத்தி மிகுந்த துணியையே தேர்ந்தோம்.

யமுனைக்குக் கிழக்கேயுள்ள காந்தி நகர்ச் சந்தையில் பின்னல் துணியை மீட்டர் கணக்கில் மட்டுமின்றி எடைக் கணக்கிலும் விற்கின்றனர். எடைக்கு வாங்குவோர் ஒரு சிறு கணக்கைத் தெரிந்து வைத்திருத்தல் நலம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை இத்தனை கிராம் என்பதையே ஜி.எஸ்.எம். என்பர். 300 ஜி.எஸ்.எம். துணி ஒன்றரை மீட்டர் அகலம் இருந்தால், ஒரு மீட்டர் நீளம் 450 கிராம் நிறுக்கும். எங்கள் ஐவருக்கு எட்டரை மீட்டர் தேவைப்பட்டது: பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டிரண்டு மீட்டர், பதினான்கு வயதுப் பையனுக்கு ஒன்றேமுக்கால், ஏழு வயதுப் பெண்ணுக்கு ஒன்று. எடையில் அது 3 கிலோ 825 கிராம். நான்கு கிலோவாக வாங்கினோம். மணிக்கட்டிலும் இடுப்பிலும் வைத்துத் தைக்க ரிப் துணி அரைக் கிலோ தனியாக வாங்கினோம். எந்த ஊர்த் துணி என்று வினவியபோது, கடைக்காரர் திருப்பூர்ச் சரக்கு என்றார். அன்று மாலை அன்னையார் முதன்முறையாக அத்துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

வாங்கிய துணியை அப்படியே வெட்டலாகாது. பருத்திப் பின்னல் முதல் சலவையில் சுருங்கும். நீளவாட்டில் அச்சுருக்கம் மிகுதி. நீரில் நனைத்து, கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்திய பின்னரே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். துணியில் மிகுதியாக நீளும் திசை உடலைச் சுற்றி வருமாறு அமைக்க வேண்டும். பஞ்சு படிந்திருக்கும் திசையும் எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒரே துணி இரண்டு நிறமாகத் தோன்றும்.

அளவெடுக்கப் பெரிய கலை வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் நன்கு பொருந்தும் பழைய சட்டை ஒன்றை நாளிதழின் மேல் விரித்து, ஓரம் வரைந்து, தையலுக்காக அரை அங்குலம் கூட்டி வெட்டினால் அதுவே அச்சு. மார்புச் சுற்றளவைவிட ஆறு முதல் எட்டு அங்குலம் வரை தளர்வு இருந்தால் உள்ளே வேறு சட்டை அணியலாம். முன், பின், இரண்டு கைகள், முக்காட்டின் இரு பாதிகள், வயிற்றுப் பக்கத்துப் பை, ரிப் பட்டைகள் – இவ்வளவே துண்டுகள். பெரிய துண்டுகளை முதலில் பரப்பி, இடைவெளிகளில் குழந்தையின் துண்டுகளை வைத்தால் துணி மிச்சமாகும்.

இங்கேதான் நாங்கள் ஒரு பாடம் கற்றோம். ஒரே துணி என்பதால் ஒரே வெட்டும் போதும் என்று எண்ணிவிட்டோம். அன்னையாருக்கு அது இரண்டு வகையில் பொருந்தவில்லை. தோள்பட்டை வலியால் அவரால் கையைத் தலைக்கு மேல் தூக்க இயலாது. தலை வழியாக மாட்டும் சட்டை அவருக்குத் தண்டனை. மேலும், முக்காட்டின் உயரத்தை உச்சந்தலை வரை மட்டுமே அளந்திருந்தோம், கொண்டையை மறந்தோம். இழுத்துவிட்டால் முக்காடு நெற்றி வரை எட்டவில்லை. தையலைப் பிரித்து, முன்புறத்தை நடுவே வெட்டி, அடிவரை முழுதும் பிரியும் ஜிப் வைத்தோம். முக்காட்டின் பின்புறத்தை இரண்டு அங்குலம் ஆழமாக்கிப் புதிதாக வெட்டினோம். புடவைத் தலைப்பின் மேல் அணிவதற்காகத் தளர்வையும் பத்து அங்குலமாக்கினோம். நான்கு கிலோவாக வாங்கியிருந்தது அப்போது உதவிற்று.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது ஊசி. கூர்முனை ஊசி பின்னல் கண்ணியை அறுத்துவிடும். பின்னர் அவ்விடத்தில் ஓட்டை பரவும். முனை சற்று உருண்ட, பின்னல் துணிக்கென்றே விற்கும் ஊசியில் 14ஆம் எண் இத்துணிக்குப் பொருந்தும். இரண்டாவது தையல். நேர்த்தையல் நீளாது, துணி நீளும்போது நூல் அறும். ஆகவே குறுகிய வளைதையல் போட வேண்டும். நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய மிதி இயந்திரம் உள்ளவர்கள், துணியைச் சிறிது இழுத்துப் பிடித்தபடி இரு வரிசை தைத்து, ஓரத்தை மட்டும் ஓவர்லாக் போடும் கடையில் கொடுத்து வாங்கலாம். மூன்றாவது தோள். சட்டையின் பாரம் முழுவதும் தோளில் தொங்குவதால், அத்தையலில் நீளாத பருத்தி நாடா ஒன்றைச் சேர்த்துத் தைக்காவிட்டால் நாளடைவில் தோள் இறங்கிவிடும்.

முதலில் தோள்களை இணைத்து, கைகளை விரித்தபடியே பொருத்தி, பின் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரையும் இடுப்பு வரையும் ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். அதன் பின் முக்காடு, இறுதியில் ரிப். ரிப் பட்டையைச் சட்டையின் வாய்ச்சுற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வெட்டி, இழுத்துத் தைத்தால்தான் அது கவ்விப் பிடிக்கும்.

குழந்தையின் முக்காட்டில் கயிறு கோக்க வேண்டா. சறுக்குமரத்திலும் வண்டிக் கதவிலும் அக்கயிறு சிக்கி உயிரிழப்புகள் நேர்ந்ததனால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996ஆம் ஆண்டிலேயே அதனைத் தவிர்க்குமாறு அறிவுரை வெளியிட்டது. விளிம்பில் ரிப் பட்டை வைத்தால் கயிறில்லாமலே முக்காடு நிற்கும். வளரும் பிள்ளைகளுக்குக் கையை இரண்டு அங்குலம் நீட்டி, மடித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

ஐந்து சட்டைகளும் முடிய எங்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஐப்பசியில் தொடங்கினால் மார்கழிக்கு முன் முடியும். மார்கழியின் ஒரு விடியலில், மூடுபனிக்கிடையே, ஐவரும் வாசலில் நின்றோம். பேத்தி முதலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், அடுத்துப் பேரன், பின்னர் நாங்கள். அன்னையார் எங்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கித் தெருவிளக்கைக் கடந்த பிறகு, தம் கையாலேயே முக்காட்டைக் கொண்டைக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

சட்டை பிடித்திருக்கிறது என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. கோயிலிலிருந்து திரும்பும் வழியில், பை ஆழம் போதவில்லை, கண்ணாடிக்கூடு வெளியே துருத்துகிறது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதனைச் சரிசெய்தோம்.