எலி பிடிக்கும் சின்ன நாய்க்கு ஊசி முக்கியம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் மரச்சீனி நட்டவர்களிடம் எலித் தொல்லையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலி பிடிப்பதில் பெயர்போன நாய் டெரியர். எச்.எம்.வி. இசைத்தட்டில் குழாய் முன் உட்கார்ந்திருக்குமே, அந்த நிப்பரும் டெரியர் கலப்புதான். 1884-ல் இங்கிலாந்தில் பிறந்தது. வந்தவர் காலைக் கவ்வியதால் அந்தப் பெயராம்!

டெரியரில் சின்ன வகை ஜாக் ரஸ்ஸல். 1819-ல் ஒரு பால்காரரிடம் பெட்டை நாய் வாங்கி இவ்வினத்துக்கு வித்திட்ட பாதிரியாரின் பெயர் இது. உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். எடை 5, 6 கிலோ. நரியை வளையிலிருந்து விரட்ட வளர்த்த இனம். ஆகவே மண்ணைத் தோண்டும். எலியைத் தேடி மரச்சீனியை மூட்டோடு கிளறினாலும் ஆச்சரியமில்லை. கட்டிப்போட்டால் ஓயாமல் குரைக்கும். தினமும் ஓட விட வேண்டும். ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்போர் வாங்காமலிருப்பதே நல்லது.

இந்த நாய்க்கு ஆபத்தும் எலியால்தான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கு வரும். நாயின் சிறுநீரால் நமக்கும் தொற்றும். தீனி தின்னாமல் வாந்தி எடுத்து, கண் மஞ்சளித்தால் உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு. வெறிநோய் ஊசியை மூன்றாம் மாதத்தில் தொடங்க வேண்டும்.

வீட்டு நாய்தானே என்று கடியை அலட்சியம் செய்யாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது.