கொட்டியாரத்துக் கைதி எழுதிய மன்னனின் சமயம்

புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் 1659இன் இறுதியில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் ஒதுங்கியதும், கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் மறு ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைபிடித்ததும், அம்மன்னனின் சமயநோக்கைப் பற்றிய ஒரு சித்திரம் ஐரோப்பாவில் பரவுவதற்குக் காரணமாயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தப்பிய நொக்ஸ் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், மன்னன் தன் நாட்டுச் சமயத்தில் அதிகம் ஈடுபாடு காட்டுவதில்லை என்றும், மக்கள் வழிவழியாக வணங்கிவரும் தேவர்களுக்கும் மேலான கடவுள் ஒருவர் உண்டென உணர்ந்தவன் என்றும், கிறிஸ்தவர்களை மதிப்பவன் என்றும் எழுதினார்.

இதை எழுதியவர் கைதிவாழ்வின் பெரும்பகுதியைக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றுக் கழித்தவர். அத்தகைய தொப்பி ஒன்றைக் கொடுத்தே ஆங்கில விவிலியம் ஒன்றை வாங்கி, சிறைவாசத்தை இறைவன் தந்த சோதனையாகக் கண்ட புரட்டஸ்தாந்தர். ஆகவே அந்த 'மேலான கடவுள்' மன்னனின் சிந்தனையைவிட நொக்ஸின் நம்பிக்கைக்கே நெருக்கமானவர் என்று கொள்வதே பொருத்தம்.

மன்னனுக்குப் பிற சமயங்கள் புதியனவும் அல்ல. அவனுடைய தாய் தோனா கத்தரீனா போர்த்துக்கேயரிடம் கத்தோலிக்கராக வளர்ந்தவர். தந்தை செனரத் முன்பு துவராடை அணிந்த பௌத்த துறவி. திருக்கோணேச்சரத்தை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரை எதிர்க்க ஒல்லாந்தரோடு 1638இல் உடன்படிக்கை செய்த அதே மன்னன், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது அவர்களுக்குத் தன் நாட்டில் இடமளித்தான். இதில் சமய ஆராய்ச்சியைவிட அரசியல் கணக்கே மிகுதி. ஒல்லாந்தர் அதற்குள் அவனுக்குப் பகைவராகியிருந்தனர்.

நொக்ஸின் நூலிலேயே வேறொரு செய்தியும் உண்டு. தேவர்களுக்காகக் கண்டியில் அக்காலத்தில் ஆண்டுதோறும் எடுக்கப்பட்டுவந்த ஊர்வலத் திருவிழாவான பெரஹராவை 1664இல் மன்னன் நடத்தவிடவில்லை. அவ்வாண்டிலேயே அவனுக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டது. பின்னர் அவன் அவ்விழாவைத் தடுக்கவே இல்லை. மன்னனின் உள்ளத்தைப் படம்பிடிக்க முயலும் பக்கங்களைவிட, நடந்ததை மட்டும் சொல்லும் இந்தச் சில வரிகளே வரலாற்றாசிரியருக்கு நம்பத்தக்க சான்று.