ஆடும் அரிவாள் பிடிக்கு எந்தப் பசை?

அறுப்பு நேரத்தில் அரிவாள் பிடி கழன்றால் வெட்டுப்படுவது நம் கைதான். பெட்டிக்கடை ஃபெவிக்விக் ஒரு சொட்டு போதும் என்று பலரும் நினைக்கிறோம். அது நொடியில் பிடிக்கும். ஆனால், பிடித் துளையின் இடைவெளியை நிரப்பாது, அதிர்வும் தாங்காது.

அந்தக் காலக் கொல்லர்கள் பிடித் துளையில் அரக்குத் தூளைப் போட்டு, காய்ச்சிய இரும்பு முனையை அதில் இறக்குவார்கள். அரக்கு உருகி, ஆறியதும் இறுகிவிடும். அருமையான முறை. சூடு பட்டால் இளகும் என்பதுதான் குறை.

இன்றைக்கு ஏற்றது அரால்டைட் போன்ற இரட்டைக் குழாய் எபாக்சி. இரண்டையும் சம அளவு பிழிந்து, ஒரே நிறமாகும்வரை கலக்க வேண்டும். வெறும் கையால் தொடாதீர்கள். அரிப்பு வரும்.

பசையை விடவும் முக்கியம், ஒட்டும் இடம். துருவின் மேல் ஒட்டினால் துருவோடு உரிந்து வந்துவிடும். உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடையுங்கள். மரத்துளையில் ஈரம் இருக்கக் கூடாது. ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள்.

தகர வாளி ஓட்டைக்கு எம்-சீல் போதும். கலப்பைக் கொழு, டிராக்டர் கொக்கி போன்ற பளு இழுக்கும் உறுப்புகளுக்கு எந்தப் பசையும் வேண்டாம். அரியமங்கலம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் வெல்டிங் வைத்துவிடுங்கள்.