தோரியம் தண்ணீரில் கரையுமா? கணினி போடும் கணக்கு

2012 நவம்பரில் குவாந்தானிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் நடந்து கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்காவை அடைந்தவர்களின் அச்சங்களில் ஒன்று இது: கெபெங் லினாஸ் அரிய மண் ஆலையின் கழிவு நிலத்தடி நீரில் கலந்துவிடுமோ?

அக்கழிவில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. அதன் அரையாயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். ஆய்வகத்தில் கழிவைச் சில வாரங்கள் நீரில் ஊற வைக்கலாம். ஆயிரம் ஆண்டுகள் ஊற வைக்க முடியாது. அதனால்தான் கணினி தேவைப்படுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் 'ஃப்ரீக்-சி' போன்ற மென்பொருளில் நீரின் அமிலத்தன்மை, வெப்பம், உப்புகள் ஆகியவற்றைப் பதிந்தால், எவ்வளவு கரையும், எவ்வளவு மீண்டும் படியும் என்று கணக்கிடும்.

பிரிக்பீல்ட்ஸ் கடையில் சூடான தே ஓவில் போட்ட கற்கண்டு சட்டென்று கரையும். ஐஸ் தண்ணீரில் அடியிலேயே கிடக்கும். தோரியத்துக்கும் நீரின் தன்மைதான் முக்கியம். சாதாரண நீரில் அது மிகச் சொற்பமாகவே கரையும். நீர் அமிலமானால் கரைவது கூடும். தோரியம் சிதைவதால் உண்டாகும் ரேடியமோ அதைவிட எளிதாக நீரோடு நகரக்கூடியது. ஆக, 'தோரியம் கரையாது' என்பது பாதி விடைதான்.

மீதி விடை, கணினிக்குக் கொடுத்த எண்களில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் பகாங் கரைக்கு வறண்ட நாட்டின் மழை அளவைப் போட்டால் கணக்கு பிசகும். புதைகுழியின் அடித்தளம் விரிசல் விடக்கூடும் என்று யாரும் பதியாவிட்டால், கணினிக்கு அது தெரியப்போவதில்லை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும்போது, இறுதி எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எந்த இடத்து நீர், எத்தனை ஆண்டு மழை என்றும் கேட்கலாம்.