மழைத்துளியை அறியும் இலை

நீலகிரிப் புல்வெளிகளில் மழைக்காலம் வந்ததும் ஒரு சிறு செடி தலைகாட்டும். அழுகண்ணி இனத்தைச் சேர்ந்தது. டிரோசெரா பெல்டாட்டா என்பது அறிவியல் பெயர். இலையெங்கும் மெல்லிய உணர்கொம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பளபளக்கும் பசைத்துளி. அமர்ந்த பூச்சி ஒட்டிக்கொள்ளும். உணர்கொம்புகள் வளைந்து பற்ற, இலை சுரக்கும் நொதிகள் அதைச் செரித்துவிடும்.

ஏன் இந்த வேட்டை? மழையும் ஊற்றும் ஓயாமல் அலசிய மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு. வேருக்குக் கிடைக்காததை இலை தேடிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது படைப்பு.

இதன் உறவுச் செடி ஒன்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டார்வின், 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றி நூல் வெளியிட்டார். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத முடித்துண்டு பட்டாலே உணர்கொம்பு வளைந்தது. அதைவிடப் பல மடங்கு கனமான நீர்த்துளி விழுந்தபோதோ அசையவில்லை! இரை எது, மழை எது என்று கண்ணில்லாத இலைக்குத் தெரிகிறது.

இன்னொரு பூச்சியுண்ணி யூட்ரிகுலேரியா. ஈரப்பாறையிலும் குட்டையிலும் வாழும் இதன் நுண்பைகள், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கதவு திறந்து இரையை நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். இந்தியாவின் யூட்ரிகுலேரியாக்களைத் தொகுத்து ஜனார்த்தனமும் ஹென்றியும் எழுதிய நூலை, 1992-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது.

இவற்றை வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. நம் கொங்குச் சீமையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தொட்டியில் நீர் ஆவியாக ஆவியாக, உப்பு மட்டும் தங்கிப் பெருகி வேரைக் கொல்லும். பிடித்துவைத்த மழைநீரே உத்தமம். இல்லையேல் வாலைநீர் அல்லது ஆர்.ஓ. நீர். நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் நீர் நிறுத்த வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்த்தூளிலும் உப்பு உண்டு. மழைநீரில் பலமுறை அலசாமல் பயன்படுத்தக் கூடாது. மண்ணில் உரம் போடவே கூடாது.

அழுகண்ணியின் விதை தூசிபோல் நுண்ணியது. ஈரமான பரப்பின்மேல் தூவினால் போதும். மூடினால் முளைக்காது, ஒளி வேண்டும். பல அழுகண்ணி வகைகளில் ஓர் இலையைப் பறித்து ஈரப்பாசிமேல் கிடத்தினாலே, அதிலிருந்து புதுக்கன்றுகள் எழும். இத்தனை எளிதாகப் பெருகும் செடியை மலையிலிருந்து பிடுங்கிவர யாருக்கும் அவசியமில்லை.

ஓர் உயிருக்கு என்ன வேண்டும் என்பதோடு, என்ன வேண்டாம் என்பதையும் அளந்து வைத்திருக்கிறான் படைத்தவன். அந்த அளவை மீறாமல் வளர்ப்பதே நாம் அவனுக்குச் செய்யும் மரியாதை.