வாழ்நாள் கல்வியும் பொது நூலகங்களும்

புனே நகரின் தென்பகுதியிலுள்ள கோந்த்வா, முன்னர் கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்னும் இரு சிற்றூர்களாக இருந்தது. குர்த் என்பது சிறியதையும் புத்ருக் என்பது பெரியதையும் குறிக்கும். தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் சின்ன, பெரிய என்னும் அடைமொழிகள் வருவது போன்றதே இது. இன்று இவ்விரண்டும் புனே மாநகராட்சிக்கு உட்பட்ட, மக்கள் நெருக்கம் மிகுந்த புறநகராக வளர்ந்துவிட்டன. தேசிய வங்கி மேலாண்மைக் கழகம் இங்குதான் அமைந்துள்ளது. வங்கி அதிகாரிகள் உயர்பயிற்சி பெறும் அதே பகுதியில், பள்ளியை இடையில் விட்டவர்களும், பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளரும், மராத்தி, உருது, இந்தி எனப் பல மொழி பேசும் குடும்பத்தினரும் வாழ்கின்றனர். அதிகாரியின் கல்வி பணிக்காலம் முழுவதும் தொடர்வதற்கு ஏற்பாடு உண்டு. மற்றவர்களின் கல்வி தொடர வழி யாது என்பதே இங்கு எழும் வினா.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முதியோர் கல்விக்கும் வாழ்நாள் கற்றலுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளது. அதனையொட்டி 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு, தொடர்கல்வியையும் தன் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. ஆனால் வகுப்பு முடிந்தபின் படிக்க ஏதுமில்லையெனில், கற்ற எழுத்து சில ஆண்டுகளில் மறந்துபோகும். மகாராஷ்டிரம் இதனை முன்பே கண்டதாகும். 1959இல் சதாரா மாவட்டத்தில் தொடங்கிய கிராமக் கல்வி இயக்கம், ஊர் முழுவதும் எழுத்தறிவு பெற்றதை விழாவெடுத்துக் கொண்டாடியது. விழாவுக்குப் பின்னரும் அவ்வெழுத்தறிவைக் காத்தல் கற்பித்தலினும் கடினமான பணி. அப்பணிக்கு உரிய இடம் பொது நூலகமே.

மகாராஷ்டிரத்தின் நூலக அமைப்பு தமிழ்நாட்டினதிலிருந்து வேறுபட்டது. புனே நகர வாசன மந்திர் 1848இல் தோன்றியது. அதனைப் போன்றே அம்மாநிலத்து வாசனாலயங்கள் பெரும்பாலும் பொதுமக்கள் தாமே கூடி நிறுவிய சங்கங்களாகும். 1967ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் பொது நூலகச் சட்டம் இச்சங்கங்களை ஏற்று, அ, ப, க, ட என நான்கு தரங்களாகப் பிரித்து, தரத்திற்கேற்ப மானியம் அளிக்க வகை செய்தது. நூலக வரி எதுவும் விதிக்கப்படவில்லை. இந்த ஏற்பாட்டின் பயனாகப் பல்லாயிரம் நூலகங்கள் உயிர்பெற்றன என்பது மறுக்கவியலாத சாதனை. எனினும் அதன் குறையும் அங்கேயே உள்ளது. மானியம், நூலகம் ஏற்கெனவே இருக்கும் இடத்தையே நாடிச் செல்கிறது. பேட்டைகள் எனப்படும் பழைய நகரப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாசகர் சங்கங்கள் உண்டு. பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியோர் நிறைந்த புதிய புறநகரில் அத்தகைய சங்கத்தைத் தொடங்குவார் யார்? ஓய்வும் செல்வாக்கும் உள்ள சிலர் முன்வந்தாலன்றி அங்கு நூலகம் எழாது.

தமிழ்நாடு வேறு வழியை மேற்கொண்டது. எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்க வழிவகுத்தது. அவ்வரி தற்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா ஆகும். குடியிருப்புகள் பெருகினால் சொத்து வரி பெருகும். நூலகத்திற்கான நிதியும் உடன் பெருகும். கோந்த்வா போன்று விரைந்து வளரும் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும் முறை எனலாம். வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிடம் காலத்தே செலுத்த வேண்டும் என்பது தனிச்செய்தி.

நிதி கிடைத்தாலும், அனைத்து வயதினருக்கும் ஒரே அறையும் ஒரே நேரமும் போதா. புனேயில் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள் மாதக் கட்டணம் செலுத்தி அப்யாசிகா எனப்படும் தனியார் படிப்பறைகளில் இடம் பெறுகின்றனர். அங்கு விற்கப்படுவது நூலன்று. ஒரு மேசை, ஒரு விளக்கு, சற்று அமைதி. பொது நூலகம் இவற்றை இலவசமாக அளிப்பது பெரிய காரியமன்று. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பார்வையற்றோருக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பிரிவுகள் உண்டு. இல்லத்தரசிகள் பிற்பகலில்தான் வர இயலும். தொழிலாளரோ இருட்டிய பின்னரே. அலுவலக நேரத்தில் திறந்து அலுவலக நேரத்தில் மூடும் நூலகம் இவ்விரு சாராருக்குமே பயன்படாது.

மொழிக்கும் கவனம் தேவை. கோந்த்வாவில் மராத்தி நூல்களோடு உருது, இந்தி நூல்களும் வைக்கப்பட வேண்டும். புதிதாக எழுத்தறிந்தோருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு நூல்கள் வேண்டும். நூல் வாங்குவதில் உதவி செய்யவே 1972இல் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை நிறுவப்பட்டது. மாநில அரசின் பங்குத்தொகைக்கு ஈடாக அது தன் பங்கையும் வழங்குகிறது.

கட்டடம் இல்லை என்னும் தடையும் கடக்கக் கூடியதே. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியே நூலகமாகச் சிற்றூர்களை வலம்வந்தது. கோந்த்வாவுக்கு வண்டியும் தேவையில்லை. மாநகராட்சிப் பள்ளியின் ஓர் அறையை மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை திறந்துவைக்கலாம். பள்ளி நேரத்திற்குப் பின் பள்ளி வளாகங்களை முதியோர் கல்விக்குப் பயன்படுத்துமாறு 2020 கொள்கையே கூறுகிறது. அவ்வறையின் சாவி யாரிடம் இருக்கும், அங்கு அமரும் நூலகருக்கு ஊதியம் யார் தருவார் என்பவற்றை மாநகராட்சியும் மாநில நூலகத் துறையும் முதலில் தீர்மானிக்க வேண்டியுள்ளது.